கோபுரமும் கயிற்று முடிச்சும்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கும் தஞ்சை நாட்டுக்கு நெல் விளைய வேண்டிய நீரையும் வண்டலையும் வஞ்சனையின்றி வாரி வழங்கிய இயற்கை, வழி தேடுகிறவனுக்கு இன்றியமையாத ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. இங்கே மலை இல்லை; சுவாமிமலைகூட மனிதர் கட்டி எழுப்பிய குன்றுதான். வயலும் தென்னந்தோப்பும் மூங்கிற் கொல்லையுமாக எத்திசை நோக்கினும் ஒரே தோற்றம் தருகிற இந்தச் சமவெளியிலும், அதை ஒட்டி இன்னும் சமமாகக் கிடக்கும் கடலிலும், தாம் நிற்கும் ஸ்தானத்தை அறிந்துகொள்வது ஒரு காலத்தில் தனிச் சாஸ்திரமாக இருந்தது. இன்று கைபேசித் திரையில் ஒரு நீலப் புள்ளி அதைச் சொல்லிவிடுகிறது. அந்தப் புள்ளி தவறிப்போனாலோ, யாராவது வேண்டுமென்றே அதைத் தவறச் செய்தாலோ என்ன கதி என்பதுதான் இப்போது கப்பற்படைகளையும் விமானத் துறைகளையும் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

மலையில்லாத குறை கணித சாஸ்திரிக்கு எவ்வளவு பெரிய இடையூறு என்பதை நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இங்கேதான் அனுபவித்தார். 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாவது இடத்தை நோக்கிக் கோணம் எடுத்து, அவ்வாறு கிடைத்த முக்கோணத்தின் பக்கத்தையே அடுத்த முக்கோணத்துக்கு ஆதாரமாக்கி, தென்னாட்டை முக்கோண வலையால் போர்த்திக்கொண்டு வந்த அவர், காவிரிச் சமவெளியை அடைந்ததும் குன்றுகளுக்குப் பதிலாகக் கோயிற் கோபுரங்களின் மீது ஏற வேண்டியதாயிற்று. 1808இல், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணங்கள் பொறித்த அதன் பெருவட்டம் கோணிப்போயிற்று. ஆப்புகளையும் திருகுகளையும் கப்பிகளையும் கொண்டு ஆறு வாரம் ஓயாமல் உழைத்து, அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, ஏறக்குறைய பழைய வடிவத்துக்கே கொண்டுவந்துவிட்டார் அந்தப் பொறுமைசாலி. விமானத்துக்கு என்ன சேதம் நேர்ந்தது என்று கேட்பவர்கள் நம்மில்தான் உண்டு.

லாம்ப்டன் கணிதமாகச் செய்ததையே, எழுத்தும் எண்ணும் இன்றிக் கடலோரத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். கரையிலுள்ள ஒரு பொருளும் அதற்குப் பின்னாலுள்ள மற்றொரு பொருளும் ஒரே நேர்கோட்டில் தெரியும்போது படகு அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது என்பது நிச்சயம். வேறு திசையில் இன்னும் இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது கோடு கிடைக்கிறது. கோடுகள் வெட்டுகிற புள்ளியே படகு நிற்கும் இடம். கன்னியாகுமரிக் கடற்கரையில் இதைக் கணியம் என்கிறார்கள். அங்கே மலைச் சிகரங்கள் அதற்கு உதவுகின்றன. நம் கடற்கரையில் அந்த வேலையை மனிதர் எழுப்பியவைதான் செய்ய வேண்டும். மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டுவித்த 131 அடி உயரமுள்ள நாகூர் தர்கா மினார், வேளாங்கண்ணி மாதா கோயிற் கோபுரம், 1814இல் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, கோடியக்கரைக் கலங்கரை விளக்கம் ஆகியவை கடலிலிருந்து பார்ப்பவனுக்கு இத்தகைய அடையாளங்களே. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய விளக்குக் கோபுரத்தின் சிதைவு ஒன்றும் இருந்தது. 2004 ஆழிப் பேரலை அதைக் கொண்டுபோய்விட்டது.

கரை கண்ணுக்கு மறைந்த பிறகு வானத்தைத்தான் நாட வேண்டும். சோழமண்டலக் கடலோடிகள் கையாண்ட இராப்பலகை என்னும் சாதனத்தைக் கான்கிரீவ் என்ற ஆங்கில அதிகாரி 1850இல் ஒரு சென்னை சஞ்சிகையில் விவரித்திருக்கிறார். ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவில் துளை, துளையில் கோத்த கயிறு, கயிற்றில் சில முடிச்சுகள், அவ்வளவுதான் யந்திரம். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையைக் கயிறு விறைக்கும்வரை முன்னே நீட்டி, அதன் கீழ் விளிம்பு கடலும் வானும் கூடும் கோட்டிலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் படுகிறதா என்று பார்ப்பார்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகைதான் நாம் நிற்கும் அட்சரேகை. ஆகையால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். பலகை 10 சென்டிமீட்டர் உயரமென்று வைத்துக்கொண்டால், நாகப்பட்டினத்து முடிச்சு பலகையிலிருந்து சுமார் 53 சென்டிமீட்டரிலும், அதற்கு வடக்கேயுள்ள சென்னை முடிச்சு 44 சென்டிமீட்டரிலும், தெற்கேயுள்ள கோடியக்கரை முடிச்சு 55 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், கயிற்றில் ஒரு விரற்கடை பிசகினால் கடலில் 40 கிலோமீட்டர் பிசகும்! இருந்தும் அதை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள் என்றால், பலகையை மட்டும் நம்பி வரவில்லை என்பதே காரணம். இராப்பலகை கிழக்கு மேற்கைச் சொல்லாது. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் எதையுமே சொல்லாது. அப்போது ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் ஆழமென்று பார்ப்பதும், குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா சேறா என்று தடவிப் பார்ப்பதும், நீரோட்டத்தையும் வாடை கொண்டற் காற்றுகளையும் கணக்கில் சேர்ப்பதும் கைகொடுத்தன. கடாரம் சென்ற இராஜேந்திர சோழனின் கலங்களிலும் இந்தப் பலகைதான் இருந்தது என்று மேடைகளில் சொல்வோர் ஒன்றை யோசிக்க வேண்டும்: 1025ஆம் ஆண்டில் இன்றைய துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து ஏறத்தாழ ஆறு பாகை விலகி, இரவு முழுவதும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இனி நீலப் புள்ளிக்கு வருவோம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்புகின்றன. நான்கு கோள்களின் செய்திகள் வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு கருவி தன் ஸ்தானத்தைக் கணிக்கிறது. அற்புதமான ஏற்பாடுதான், ஆனால் அவ்வளவு தூரம் வந்து சேரும் அலை, கருவியின் சொந்த இரைச்சலுக்குள்ளேயே அமிழ்ந்துபோகும் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. ஆதலால் அருகிலிருந்து ஒரு சிறு வானொலிக் கருவி அதை மூழ்கடித்துவிடலாம்; அதனினும் கொடியது, போலிச் செய்தி அனுப்பி ஏமாற்றுவது. 2017 ஜூன் மாதம் கருங்கடலில் சென்ற கப்பல்கள் இருபதுக்குக் குறையாமல், தாங்கள் தரையிலுள்ள ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகத் தங்கள் கருவிகளில் கண்டன. நம் நாடு 2013 முதல் ஏவிய கோள்களைக் கொண்டு நாவிக் என்ற சொந்த அமைப்பை உண்டாக்கியிருப்பது பெருமைக்குரியது. ஆயினும் அதுவும் விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலையே என்பதை மறக்கலாகாது.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் நிலைகொண்ட 222ஆம் படைப்பிரிவின் சுகோய் விமானங்கள் வேறோர் உபாயத்தையும் உடன் சுமக்கின்றன. கும்பகோணத்தில் பேருந்து ஏறிக் கண்ணை மூடிக்கொண்டவர், வண்டி விரைவதையும் தயங்குவதையும் திரும்புவதையும் உடலாலேயே உணர்ந்து, இப்போது அய்யம்பேட்டை வந்திருக்கும் என்று சொல்வதை ஒத்தது அது. முடுக்கமானி ஒவ்வொரு வேக மாற்றத்தையும் அளக்கிறது; மூடிய பாதையில் எதிரெதிர்த் திசைகளில் ஓடவிட்ட இரு லேசர் ஒளிக்கற்றைகள், விமானம் திரும்பும்போது அவற்றிடையே தோன்றும் நுண்ணிய வேறுபாட்டால் திருப்பத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. வெளியிலிருந்து ஒரு செய்தியும் வாங்காததால் இதைத் தடுப்பார் இல்லை. குறை என்னவென்றால், சிறு பிழைகள் கூடிக்கொண்டே போய், இத்தகைய நல்ல கருவியும் மணிக்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல் விலகிவிடும். அவ்வப்போது வெளியிலுள்ள ஏதாவதொன்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படித் திருத்திக்கொள்ள உதவக்கூடியதாய், தரையில் உயர்ந்த கம்பங்களிலிருந்து வலிமைமிக்க வானொலித் துடிப்புகளை அனுப்பி, அவை வந்து சேரும் கால வித்தியாசத்தால் இடமறியும் லோரான் என்ற முறையை, இனித் தேவையில்லை என்று 2010இல் அமெரிக்கா மூடிவிட்டது. தென் கொரியாவோ, 2016இல் வட கொரியாவிலிருந்து வந்த ஜி.பி.எஸ். இடையூற்றால் மீன்பிடி படகுகள் சுமார் 280 கரை திரும்பிய அனுபவத்துக்குப் பின், அதன் புதிய வடிவத்தை முனைந்து நிறுவலாயிற்று. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியும், கைவிட்ட நட்சத்திரப் பாடத்தை 2015இல் மீண்டும் தொடங்கியது.

நம் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவியும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஈயக்குண்டு செய்த வேலையை இரண்டாவது கருவி நொடிதோறும் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத சர்வதேச எல்லை குறுக்கே ஓடும் பாக் நீரிணையில், திரை சொல்லும் இடத்துக்குரிய ஆழமும் உண்மையில் தெரியும் ஆழமும் ஒத்துப்போகவில்லையானால் உடனே சந்தேகப்பட வேண்டும். ஆனால் அதற்கு ஆழமும் சேறும் மணலும் குறித்த நுட்பமான வரைபடம் தேவை. நாகப்பட்டினத்தில் 2012இல் தோன்றிய மீன்வளப் பல்கலைக்கழகம், கோடியக்கரைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே வாழும் முதிய மீனவர்களின் கரை அடையாளங்களையும் பாகக் கணக்குகளையும் கேட்டெழுதி, இன்றைய அளவுகளோடு ஒப்பிட்டு அத்தகைய படமொன்றை உண்டாக்கலாம். அந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள்.