வீட்டிலேயே ஒரு பத்திரிகை

‘படி’ என்று அதட்டினால் பிள்ளை பாடப்புத்தகத்தைத்தான் எடுக்கும். கதைப் புத்தகத்தை எடுக்க வேண்டுமானால் வீட்டாரும் சேர்ந்து விளையாட வேண்டும்.

மாலை ஆறு மணியானால் தமிழ்க் குடும்பங்களில் தவறாமல் ஒலிக்கும் சொல் ‘படி’. பாடம் படிப்பதற்கும் கதை படிப்பதற்கும் தமிழில் அந்த ஒரே சொல்தான். குழந்தையின் காதில் இரண்டும் அதட்டலாகவே விழுகின்றன. விளைவு, ஆசையாக வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் தூங்குகின்றன. பிள்ளையின் கையில் செல்போன் விழித்திருக்கிறது.

இதற்கு ஒரு மாற்று வழியைக் கொல்கத்தாவின் ஒரு குடும்பம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

எழுத்தாளரும் ஓவியருமான உபேந்திரகிஷோர் ரே 1913இல் சிறுவர்களுக்காக ஒரு மாத இதழைத் தொடங்கினார். பெயர் ‘சந்தேஷ்’. வங்காளத்தில் அது செய்தியையும் குறிக்கும், இனிப்பையும் குறிக்கும். பெயரிலேயே விளையாட்டு. அவருடைய மகன் சுகுமார் ரே இளைஞராக இருந்தபோதே உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டி ‘நான்சென்ஸ் கிளப்’ தொடங்கியவர். அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘முப்பத்திரண்டரை வறுவல்’. 1915இல் தந்தை மறைந்ததும் ‘சந்தேஷ்’ அவர் கைக்கு வந்தது. உபேந்திரகிஷோரின் தம்பி மகள் லீலா மஜும்தாரின் முதல் கதை 1922இல் அதில்தான் வெளியானது. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. பின்னாளில் அவர் வங்கச் சிறுவர் இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானார். இடையில் நின்றுபோன இதழுக்கு 1961இல் மீண்டும் உயிர் கொடுத்தவர் சுகுமாரின் மகன் சத்யஜித் ரே. அவருடைய துப்பறியும் நாயகன் ஃபெலுடா 1965இல் பிறந்ததும் அந்தப் பக்கங்களில்தான்.

அந்த வீட்டில் வாசிப்பு கடமையாக இருக்கவில்லை. வீட்டாரின் பொழுதுபோக்காக இருந்தது. பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

பிரதி ஒன்று போதும்

எல்லாருக்கும் அச்சகம் வாய்க்காது. அது தேவையும் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மாதம் ஒரு இதழ், ஒரே பிரதி. அப்பாவுக்கு ஆபீஸ் வேடிக்கைகள், அக்காவுக்குப் படங்கள், தம்பிக்கு விடுகதைகள். பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி கதை எழுதலாம். ஒரே ஒரு விதி: சிவப்பு மையால் யாரும் பிழை திருத்தக் கூடாது.

தில்லியிலும் மும்பையிலும் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசியம். பேச்சில் தமிழ் வரும், எழுத்து தெரியாது. பாட்டி கடிதம் எழுதினால் பேரனுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பத்திரிகையில் வாரத்துக்கு நான்கு வரி தமிழில் இருந்தால் போதும். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடியாவது பிள்ளை எழுத்துக்கூட்டும்.

புதையல் வேட்டையும் உதவும். ‘அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்’ என்று ஒரு சீட்டு. அங்கே போனால் அடுத்த சீட்டு. கடைசியில் ஒரு கடலைமிட்டாய். வாசித்தால்தான் மிட்டாய் என்பதால் வற்புறுத்தலே வேண்டாம்.

இரவில் சத்தமாகக் கதை படிப்பவர்கள் ஒரு தந்திரம் செய்யலாம். திருடன் கதவில் கை வைக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ‘மீதி நாளைக்கு.’ விடிவதற்குள் புத்தகம் தலையணைக்கடியில் போயிருந்தால் வெற்றி.

தேர்வு பிள்ளையுடையது

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டும். தில்லி தரியாகஞ்ச் நடைபாதையில் பல ஆண்டுகள் நடந்த ஞாயிறு புத்தகச் சந்தை 2019இல் அருகிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாறியது. அப்படி ஒரு சந்தைக்கு அழைத்துப்போய், நூறு ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வாய் திறக்காமல் நிற்கலாம். 1967இல் தொடங்கிய அமர் சித்ர கதாவை எடுக்கட்டும், 1980இல் வந்த டிங்கிளை எடுக்கட்டும். காமிக்ஸும் வாசிப்புதான். காசில்லாமலும் முடியும்: பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசம். செல்போன் உருப்படியான வேலைக்கும் பயன்படும்.

தவிர்க்க வேண்டியது ஒரு கேள்வி: ‘இதிலிருந்து என்ன நீதி கற்றுக்கொண்டாய்?’ அந்த நொடியில் கதை மறுபடியும் பாடமாகிவிடும்.

சத்யஜித் ரே சிறு வயதில் வீட்டோடு இருந்த அச்சகத்துக்குப் போய், தான் கிறுக்கிய தாளை நீட்டி ‘சந்தேஷுக்கு’ என்பாராம். தம் பால்ய நினைவுகளில் அதை எழுதியிருக்கிறார். அங்கிருந்த தொழிலாளி சிரிக்கவில்லை. சரியென்று தலையாட்டினார். வீடுகளில் பிள்ளைக்குத் தேவை அப்படி ஒருவர்தான்.