விலக்கப் போனவனுக்கும் சிவப்பு அட்டையா?

2018 ஏப்ரல் 12-ஆம் நாள் இந்தியாவின் புவனேசுவரம் நகரில் சூப்பர் கிண்ணக் காலிறுதி ஆட்டம். கோவா அணியும் ஜம்ஷெட்பூர் அணியும் மோதின. முதல் பாதியின் கடைசி நேரத்தில் எழுந்த ஒரு தகராறு, ஓய்வுக்குப் போகும் வழியில் கைகலப்பாகிவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கியபோது ஆறு பேரைத் திடலில் காணவில்லை. அணிக்கு மூவர் வீதம் சிவப்பு அட்டை! எட்டுப் பேருக்கு எட்டுப் பேராக ஆடி, 5-1 என்ற கோல் கணக்கில் கோவா வென்றது.

இதைக் கேட்டவுடன் இரண்டு கேள்விகள் எழும். ஓய்வு நேரத்தில் நடந்த சண்டைக்கு நடுவர் ஒருவரை வெளியேற்ற முடியுமா? முடியும். ஆட்டத்திற்கு முன்பு திடலைப் பார்வையிட நடுவர் உள்ளே கால் வைத்த நொடியிலிருந்து அவருடைய அதிகாரம் தொடங்கிவிடுகிறது. ஓய்வு நேரமும் அதில் அடங்கும். ஆட்டம் முடிந்து அவர் திடலை விட்டுப் போகும்வரை அது நீடிக்கும். இன்னும் எத்தனை பேர் வெளியேறினால் ஆட்டம் நின்றுபோகும்? ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடரக்கூடாது என்பது விதி. அதாவது, அன்று ஏதேனும் ஓர் அணியில் இன்னும் இருவர் ஆத்திரப்பட்டிருந்தால் ஆட்டமே இல்லை.

காற்பந்துச் சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வளர்கிறது. ஒருவன் பந்தை விட்டுவிட்டுக் காலை உதைக்கிறான். உதைபட்டவன் எழுந்து தள்ளுகிறான். நடுவரின் கண் பந்தின் பின்னால் போயிருப்பதால், உதைத்தவனை விடத் தள்ளியவனே அவர் கண்ணில் அதிகம் படுகிறான். அதற்குள் நாலாபக்கமும் இருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் விலக்க வந்தவர்கள், மீதிப் பேர் அடிக்க வந்தவர்கள். தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இருவருமே கையை நீட்டிக்கொண்டுதானே ஓடிவருகிறார்கள்!

இந்தச் சிக்கலை விதி எழுதியவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். இப்படி ஒரு கூட்டச் சண்டை மூண்டால் அருகில் இருக்கும் துணை நடுவர் திடலுக்குள் நுழைந்து நடுவருக்கு உதவலாம். எதிர்ப்பக்கத் துணை நடுவரும் யார் என்ன செய்தார் என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்காவது நடுவரின் இடம் பயிற்றுநர்களும் மாற்று ஆட்டக்காரர்களும் இருக்கும் பகுதிக்கு அருகில். எல்லாரும் சண்டைக்குள் புகுந்துவிட்டால் பார்ப்பதற்கு ஆள் இருக்காது என்பதே காரணம்.

ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் கோவையின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் கைகலப்பு பற்றித் தனி விதியே உண்டு. கைகலப்பில் ஈடுபட்டவருக்குக் குறைந்தது ஆறு ஆட்டத் தடை. அதே விதியின் அடுத்த பகுதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சண்டையைத் தடுக்க முயன்றவர், பிறரைக் காத்தவர், சண்டையிட்டவர்களைப் பிரித்துவிட்டவர் ஆகியோருக்குத் தண்டனை கிடையாது. அடித்தவர் யார் என்று அடையாளம் காண முடியாவிட்டால், அவர் சார்ந்த சங்கமே தண்டனையை ஏற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கையில் கிடைத்தவனைப் பிடித்துத் தண்டி என்று எங்கும் எழுதவில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என் பெரிய மாமா. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சமதரை என்பது பொன்னுக்குச் சமம். சரிவெல்லாம் தேயிலை. வெட்டிச் சமன் செய்த இடங்களைத் தொழிற்சாலையும் லயத்து வீடுகளும் கோயிலும் பள்ளியும் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய துண்டில்தான் பந்துத் திடல். எங்கள் திடலின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து தேடி எடுத்துவரப் பத்து நிமிடம் ஆகும். பார்க்க வருகிறவர்கள் நிற்பதற்கு வேறு இடம் இல்லாததால் கோட்டின் மேலேயே நிற்பார்கள். அவர்கள் யார்? ஆடுகிறவனின் அப்பா, அண்ணன், மச்சான். இங்கே ஆட்டக்காரன் வேறு, கூட்டம் வேறு என்று பிரிக்கவே முடியாது.

நான் பிறப்பதற்கு முன்பு, ஒரு தீபாவளிக் கிண்ண இறுதியாட்டத்தில் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் சண்டை மூண்டது. அடிக்கப் பாய்ந்த தன் அணிக்காரரை மாமா பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்திருக்கிறார். அன்று ஒரே ஒரு நடுவர்தான். துணை நடுவர்கள் இல்லை. கும்பலுக்குள் இருந்தவர்களின் பெயரெல்லாம் அறிக்கையில் ஏறிவிட்டது. ஏற்பாட்டுக் குழு இரண்டு ஆண்டுகளுக்கு அவரை ஆடவிடவில்லை. அதற்குள் திருமணமும் ஈப்போவில் வேலையும் வந்துவிட, மாமாவின் காற்பந்து அத்தோடு முடிந்தது. "கையக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா அடுத்த வருசமும் ஆடியிருப்பேன்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விலக்கியவனைத் தண்டித்தால் அடுத்த முறை விலக்க யாரும் வரமாட்டார்கள். அந்தத் தோட்டத்தோடு எங்கள் அணி ஆறு ஆண்டுகள் ஆடவில்லை. இரு தோட்டத்தாரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதும் குறைந்துபோனதாகப் பாட்டி சொல்வார்.

எங்கள் சண்டையில் உதடு கிழிந்ததோடு போயிற்று. கல்கத்தாவில் அப்படிப் போகவில்லை.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸ் அரங்கில் கல்கத்தா லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடின. இவை வெறும் இரண்டு அணிகள் என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரு பக்கம், காலங்காலமாக மேற்கு வங்காளத்தில் வாழ்பவர்கள் மறுபக்கம். மொழி ஒன்றுதான், பேச்சு வழக்கும் சமையலும் வேறு. பிரிவினையில் வீடிழந்து வந்தவனுக்கு அந்தச் சிவப்பும் மஞ்சளும் கலந்த சட்டைதான் சொந்த ஊர். அன்றைய ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் இடது பக்க ஆட்டக்காரர் பிதேஷ் போஸ் மீது முரட்டுத்தனமாகப் பாய்ந்துகொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் போஸ் திருப்பிக் கொடுத்தார். இருவரையும் நடுவர் வெளியேற்றினார்.

அங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இரு அணிகளின் ஆதரவாளர்களும் பிரிக்கப்படாமல் ஒரே பகுதியில் அமர்ந்திருந்தார்கள். திடலில் தொடங்கிய சண்டை இருக்கைகளில் தொடர்ந்தது. கற்கள் பறந்தன, தப்பிக்க நினைத்தவர்கள் வெளியேறும் வழியை நோக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள், வீடு திரும்பவில்லை. இன்றும் ஆகஸ்ட் 16-ஐ அங்கே காற்பந்து நேயர்கள் தினம் என்று கடைப்பிடித்து இரத்ததான முகாம் நடத்துகிறார்கள்.

தமிழ்நாட்டு அணியும் இத்தகைய கதையிலிருந்து தப்பவில்லை. 2015 டிசம்பர் 20-இல் கோவாவின் ஃபதோர்டா அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், 2-1 என்று பின்தங்கியிருந்த சென்னையின் அணி கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் பெற்று 3-2 என வென்றது. வெற்றிக் கொண்டாட்டம் தகராறில் முடிந்தது. கோவா அணியின் இணை உரிமையாளர் ஒருவர் தந்த புகாரின் பேரில் சென்னை அணித்தலைவர் இலானோ கைதாகி, ஜாமீனில் வெளிவந்தார். பரிசளிப்பைப் புறக்கணித்தது உள்ளிட்ட செயல்களுக்காகக் கோவா அணிக்கு 2016-இல் 11 கோடி ரூபாய் அபராதமும் 15 புள்ளிக் குறைப்பும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் புள்ளிக் குறைப்பு நீங்கியது, அபராதமும் குறைந்தது. அன்று சென்னை அணியின் பயிற்றுநர் யார் தெரியுமா? 2006 உலகக் கிண்ண இறுதியில் ஸிடேனிடம் தலையால் முட்டு வாங்கிய மாத்தெராஸி!

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. 2023 மே 16-இல் புனோம் பென்னில் நடந்த சீ விளையாட்டுப் போட்டி இறுதியாட்டத்தில் இந்தோனேசியா தாய்லாந்தை 5-2 என்று வென்றது. அதில் பயிற்றுநர் குழுக்களே மோதிக்கொண்டன. ஒரு தரப்பு எதிரணியின் இருக்கைகளுக்கு முன்னால் போய்க் கொண்டாடினால் வேறென்ன நடக்கும்? 2019 முதல் அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று விதி மாறியதன் தேவை இங்கேதான் புரிகிறது.

அட்டைகள் பிறந்த கதையே சண்டையோடு தொடர்புடையதுதான். 1962 உலகக் கிண்ணத்தில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டம் குத்துச்சண்டையாக மாறியது. வெளியேற்றப்பட்ட இத்தாலிய ஆட்டக்காரர் போக மறுக்க, காவலர்கள் வந்துதான் கொண்டுபோனார்கள். அந்த ஆட்டத்தின் நடுவர் கென் ஆஸ்டன். பிற்காலத்தில் சாலை விளக்குகளைப் பார்த்து அவருக்குத் தோன்றிய யோசனைதான் மஞ்சளும் சிவப்பும். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அவை அறிமுகமாயின. இப்போது காணொளி உதவி நடுவரும் வந்துவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகும் வன்முறை போன்ற கடுமையான குற்றங்களுக்குத் திரும்பிப் பார்த்துச் சிவப்பு அட்டை காட்ட முடியும். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில், நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே சென்று பேசலாம் என்று வைத்தார்கள். பத்துப் பேர் சூழ்ந்து கத்துவது இதனால் வெகுவாகக் குறையும் என்பது என் கருத்து.

தோட்டத்துப் போட்டிகளுக்குக் காணொளிக் கருவி வாங்க யாரால் முடியும்? தேவையும் இல்லை. இரு அணியினரின் ஆதரவாளர்களைத் திடலின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தலாம். பள்ளம் இருக்கும் திடலில் அது சிரமம்தான். அப்படியானால் நடுவில் ஒரு கயிறாவது கட்டலாம். விலக்கியவனுக்குத் தண்டனை இல்லை என்பதைப் போட்டி விதித் தாளில் ஒரு வரியாகச் சேர்த்து, ஆட்டத்திற்கு முன் இரண்டு அணித்தலைவர்களிடமும் வாசித்துக் காட்டலாம். துணை நடுவர்களாக வேறு தோட்டத்து ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பென்சிலும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் கொடுக்கலாம். செலவு ஐந்து வெள்ளிக்குள் அடங்கிவிடும்.