கிளெப்போன்: விருந்தினருக்கேற்ற ஜாவா இனிப்பு

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் வழங்கிவரும் பழமையான இனிப்பு கிளெப்போன். விருந்தினருக்காக இல்லத்திலேயே இதனை ஆயத்தம் செய்யலாம்.

ஒட்டும் தன்மையுள்ள அரிசியின் மாவு 200 கிராம் எடுத்து, ரம்பை இலைச் சாறும் வெதுவெதுப்பான நீரும் சிறிது சிறிதாய் ஊற்றிப் பிசையுங்கள். நெல்லிக்காயளவு உருட்டி, நடுவே பொடித்த பனைவெல்லத்தை வைத்து மூடுங்கள். இங்கேதான் முழுக் கவனமும் வேண்டும். சிறு வெடிப்பிருப்பினும் வெல்லம் கொதிநீரில் கரைந்து, வெறும் மாவுருண்டையே மிஞ்சும்.

கொதிநீரில் இட்ட உருண்டைகள் மிதந்தபின்பும் இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். உள்ளிருக்கும் வெல்லம் நன்றாய் உருகும். பின்பு, உப்பிட்டு ஆவியில் வேகவைத்த தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். வேகவைத்த துருவல் விரைவில் புளிக்காது.

பாதியாய்க் கடித்தால் பாகு தெறிக்கும். ஆகையால் சற்று ஆறவிட்டு, முழுதாய் வாயிலிடும்படி விருந்தினருக்கு முன்னதாகவே சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். செய்த அன்றே பரிமாறுவது உத்தமம்.