சேதம் சேலைக்குத்தானா?

"முள் மேல் சேலை விழுந்தாலும், சேலை மேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்!"

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இது. பெண் பிள்ளைகளை அடக்கி வளர்ப்பதற்காகச் சொன்னது.

பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் மீது பெண் சம்பந்தமான புகார் கிளம்பினால் போதும். உடனே இந்தப் பழமொழியும் கிளம்பிவிடும். "எப்படி இருந்தாலும் கெட்டது அவள் பெயர்தானே!" என்று பேச்சை முடித்து விடுவார்கள்.

அது சரிதானா? சேதம் சேலைக்குத்தானா? அந்தச் சேதத்தைச் செய்வது யார்? முள்ளா? அல்லது வேடிக்கை பார்க்கும் ஊரா?

சில உண்மைச் சம்பவங்களைப் பார்த்தால் விடை தெரியும்.

ராயபுரம் எம்.எல்.ஏ. மீது புகார்

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம். தமிழக மந்திரியாக இருந்த டி.ஜெயக்குமார் மீது ஒரு புகார் எழுந்தது.

அவர் அப்போது வட சென்னையில் உள்ள ராயபுரம் தொகுதியின் எம்.எல்.ஏ. 1991 முதல் 2016 வரை 5 தேர்தல்களில் அங்கே வெற்றி பெற்றவர். மீன்வள மந்திரியாக இருந்ததால் மீனவர் குப்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த முகம்.

ஒரு ஆணும், ஒரு பெண்ணும் டெலிபோனில் பேசுவதுபோல ஒரு ஒலிப்பதிவு வெளியானது. பேச்சு ஒரு இளம்பெண்ணைப் பற்றியது. "அந்த ஆணின் குரல் மந்திரியின் குரல்" என்று டி.டி.வி.தினகரன் அணியினர் கூறினார்கள். அந்த அணியைச் சேர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. வெற்றிவேல், 22-ந் தேதி நிருபர்களைக் கூட்டிப் பேட்டி கொடுத்தார்.

மந்திரியும் நிருபர்களைச் சந்தித்தார். "அது என் குரல் அல்ல. ஜோடிக்கப்பட்டது" என்று மறுத்தார். தன் மீது பழி சுமத்துவது தினகரன் அணியினர்தான் என்றார்.

அப்போது அரசியலில் சூடு பறந்த நேரம். தினகரனை ஆதரித்த 18 எம்.எல்.ஏ.க்களின் பதவி பறிக்கப்பட்ட வழக்கில் ஐகோர்ட்டு தீர்ப்பு சொல்ல இருந்தது. மூன்றே நாளில், 25-ந் தேதி, "பதவி பறித்தது செல்லும்" என்று தீர்ப்பும் வந்தது.

ஆகவே ஒலிப்பதிவு உண்மையா, பொய்யா என்பது பின்னால் போய்விட்டது. "யார் கட்சிக்கு லாபம்? யார் கட்சிக்கு நஷ்டம்?" என்பது முன்னால் வந்தது. வேண்டியவர்கள் "எல்லாம் பொய்" என்றார்கள். வேண்டாதவர்கள் "எல்லாம் நிஜம்" என்றார்கள்.

அந்தக் குற்றச்சாட்டு எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்கப்படவில்லை.

ஆனால் அந்தச் சில நாட்களில் வேறு ஒன்று நடந்தது. ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு படம் செல்போனுக்குச் செல்போன் பறந்தது. "என் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்" என்று மந்திரி சொன்னார். அதற்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

புகார் நிஜமாக இருந்தால், அந்தப் பெண் பாதிக்கப்பட்டவள். புகார் பொய்யாக இருந்தால், சம்பந்தமே இல்லாமல் வம்பில் இழுக்கப்பட்டவள். இரண்டில் எது உண்மையானாலும் அவள் மீது தவறு கிடையாது. ஒரு பாவமும் அறியாத குழந்தை மீதும் தவறு கிடையாது. ஆனால் சந்திக்கு இழுக்கப்பட்டது அவர்கள்தான்!

"யாரோ அனுப்பினார்கள்!"

"படத்தை நான் எடுக்கவில்லையே. யாரோ அனுப்பினார்கள். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அவ்வளவுதான்!"

இப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா? முடியாது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு.

அதே 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். அப்போது தமிழக கவர்னராக இருந்த பன்வாரிலால் புரோகித் நிருபர்களுக்குப் பேட்டி அளித்தார். பேட்டி முடிந்ததும் கேள்வி கேட்ட ஒரு பெண் நிருபரின் கன்னத்தில் தட்டினார். எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே கவர்னர் மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

விஷயம் அதோடு முடியவில்லை. பெண் நிருபர்கள் எல்லோரையும் இழிவுபடுத்தும் ஒரு பதிவு வந்தது. நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர் அதைத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். "வேறொருவர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்து விட்டேன்" என்று பிறகு கூறினார். பதிவையும் நீக்கினார்.

கோர்ட்டு அதை ஏற்கவில்லை. 'அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி. அதனால் வரும் கெடுதலுக்கு அனுப்பியவரே பொறுப்பு' என்ற கருத்தைச் சென்னை ஐகோர்ட்டு 2023-ல் கூறியது. 2024 பிப்ரவரியில் சென்னை தனிக்கோர்ட்டு அவருக்கு ஒரு மாதம் ஜெயில் தண்டனை விதித்தது. 2025 ஜனவரியில் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

ஊர் கேட்கும் இன்னொரு கேள்வி இது. "இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் சொல்கிறாள்?"

இந்தக் கேள்விக்கு டெல்லி கோர்ட்டு ஒன்று பதில் சொல்லியிருக்கிறது.

எம்.ஜே.அக்பர் பிரபல பத்திரிகை ஆசிரியர். பிறகு மத்திய மந்திரி ஆனார். 1993-ல் வேலை கேட்டுப் போனபோது அவர் தன்னிடம் தகாத முறையில் நடந்ததாக, பிரியா ரமணி என்ற பத்திரிகையாளர் 2018 அக்டோபரில் பகிரங்கமாகக் கூறினார். அப்படிச் சொல்ல அவருக்கு 25 ஆண்டுகள் ஆயின.

அக்பர் மறுத்தார். பிரியா ரமணி மீது மானநஷ்ட வழக்குப் போட்டார். ஆனால் வேறு பல பெண்களும் முன்வந்து புகார் கூறினார்கள். அக்டோபர் 17-ந் தேதி அக்பர் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்.

வழக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது புகார் சொன்ன பெண்! 2021 பிப்ரவரி 17-ந் தேதி அவர் விடுதலை செய்யப்பட்டார். பல ஆண்டுகள் கழித்தும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றும், ஒருவரது நற்பெயரைக் காப்பதற்காகப் பெண்ணின் கண்ணியத்தைப் பலி கொடுக்க முடியாது என்றும் நீதிபதி கூறினார். தீர்ப்பை எதிர்த்து அக்பர் அப்பீல் செய்தார்.

படித்த பெண், பத்திரிகையில் வேலை பார்த்த பெண், வாய் திறக்கவே 25 ஆண்டுகள் ஆயின. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

பெயரைச் சொன்னதற்கு 25 லட்சம்

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பலாத்கார வழக்குகளில் வெளியிடக்கூடாது. வெளியிட்டால் 2 ஆண்டு வரை ஜெயில். இது சட்டம். படம், முகவரி, ஊர் எதுவாக இருந்தாலும் ஆளை அடையாளம் காட்டினால் குற்றம்தான்.

2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் போலீஸ் அதிகாரியே நிருபர்களிடம் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார். அரசாணையிலும் பெயர் வந்தது. ஐகோர்ட்டு மதுரை கிளை கண்டித்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட்டது.

அப்படிப் பெயர் வெளியான பிறகும் பெண்கள் பயந்து ஒதுங்கிவிடவில்லை. துணிந்து வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ந் தேதி 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் ஒருவர் அ.தி.மு.க. நகர மாணவர் அணிச் செயலாளராக இருந்தவர். 2021-ல் கைதானதும் அவரைக் கட்சி நீக்கியது.

வேலைக்காரப் பெண்ணும் எம்.பி.யும்

கடைசிச் சம்பவம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் நடந்தது.

பிரஜ்வல் ரேவண்ணா ஹாசன் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர். முன்னாள் பிரதமர் தேவகவுடாவின் பேரன். 2024 ஏப்ரல் 26-ந் தேதி அங்கே ஓட்டுப்பதிவு. அதற்குச் சில நாட்கள் முன்பு, பெண்களின் ஆபாச வீடியோக்கள் அடங்கிய 'பென் டிரைவ்'கள் தொகுதி முழுவதும் பரவின. வீடியோக்களில் பெண்களின் முகம் மறைக்கப்படவில்லை!

கொடுமை செய்தவர் ஒருவர். அதை வீதியில் இறைத்தவர்கள் வேறு சிலர். எம்.பி. ஜெர்மனிக்குப் போய்விட்டார். முகம் தெரிந்த பெண்களோ அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்தார்கள். வீட்டைவிட்டுப் போனவர்களும் உண்டு. "வீடியோவை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம்" என்று விசாரணைப் போலீசார் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

எம்.பி.யின் குடும்பப் பண்ணை வீட்டில் வேலை செய்த ஒரு பெண் புகார் கொடுத்தாள். பணம் கிடையாது. படிப்பு கிடையாது. எதிரே நிற்பதோ முன்னாள் பிரதமர் குடும்பம்!

மே 31-ந் தேதி பிரஜ்வல் பெங்களூரு திரும்பினார். விமான நிலையத்திலேயே அவரைப் பெண் போலீசார் சூழ்ந்து அழைத்துச் சென்றார்கள். தேர்தலில் அவர் 42 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டுகளில் தோற்றது ஜூன் 4-ந் தேதி தெரிந்தது.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் தனிக்கோர்ட்டில் வழக்கு நடந்தது. 2025 ஆகஸ்ட் 1-ந் தேதி, குற்றவாளி என்று தீர்ப்பு. மறுநாள் ஆயுள் தண்டனை. கைதான நாளிலிருந்து 14 மாதத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. அதை எதிர்த்து அவர் ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்.

அந்த வழக்கில் முக்கியமான சான்று எது தெரியுமா?

அந்தப் பெண்ணின் சேலை!

அதைத் தடய அறிவியல் நிபுணர்கள் சோதித்தார்கள். அதில் இருந்த தடயம் குற்றத்தை நிரூபிக்க உதவியது. சேதம் சேலைக்குத்தான் என்று சொன்ன ஊரில், சேலையே சாட்சி சொல்லி முள்ளைக் கூண்டில் ஏற்றியது.

வட சென்னைப் பெண்கள்

காசிமேட்டில் பொழுது விடியும் முன்பே மீன் ஏலத்துக்குக் கூடையோடு போகும் பெண்கள் இருக்கிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலாளியோ, மேஸ்திரியோ, கட்சிக்காரரோ தவறாக நடந்தால் அவர்களுக்கும் வழி உண்டு. 2013-ல் வந்த சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும். குழு இல்லாத சிறிய இடங்களுக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் அவகாசம் கிடைக்கும். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணில் போன் செய்யலாம். போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. புகார் கொடுக்க நினைக்கும் பெண் முதலில் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. தெருவைத்தான் பார்க்கிறாள். இதற்கு முன்பு இப்படிப் புகார் சொன்னவளை இந்தத் தெரு எப்படிப் பேசியது என்று நினைத்துப் பார்க்கிறாள். குழாயடியில் என்ன சொன்னார்கள், டீக்கடையில் எப்படிச் சிரித்தார்கள், தன் வீட்டிலேயே கணவனும் மாமியாரும் என்ன பேசிக் கொண்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வருகிறது. அதை வைத்துத்தான் வாயைத் திறப்பதா, மூடிக்கொள்வதா என்று முடிவு செய்கிறாள்.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்பார்கள். ஊர் வாயை மூட வேண்டாம். கொஞ்சம் மாற்றிப் பேசினால் போதும்.

"அவள் யார்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "விசாரணை நடந்ததா?" என்று கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அதையே கேட்கலாம். எதிர்க்கட்சிக்காரராக இருந்தால், தீர்ப்பு வருவதற்கு முன்பே அவரைக் குற்றவாளி ஆக்காமல் இருக்கலாம். கைக்கு வந்த படத்தை அடுத்த கைக்கு அனுப்பாமல் அழித்து விடலாம்.

அப்படிப் பேசும் வீட்டில் ஒரு பெண் பிள்ளை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நாளை அவளுக்கு ஒரு கஷ்டம் என்றால், பயப்படாமல் அம்மாவிடம் வந்து சொல்லுவாள்.