ஒரே கூடு, மூன்று உடுப்பு

1948-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி சிஃப்லி, மெல்போர்னில் முதல் ஹோல்டன் மோட்டார் வண்டியை வெளியிட்டார். தங்கள் தேசத்து வண்டி என்று ஜனங்கள் பூரித்தனர். இருபது வருஷத்தில் அது பெரிய குடும்பமாகப் பெருகிவிட்டது.

1968-ல் வந்த வரிசையை நாம் எடுத்துக்கொள்வோம். சிக்கனக்காரருக்குப் பெல்மாண்ட், நடுத்தரக் குடும்பத்தாருக்குக் கிங்ஸ்வுட், சற்று மிடுக்காகப் போக விரும்புவோருக்குப் பிரிமியர். மூன்றுக்கும் கூடு ஒன்றே. மெத்தையிலும் மினுக்கிலுந்தான் பேதம். மினுக்குக்கு அதிக விலை கொடுக்காத தேசம் எங்கே இருக்கிறது? கிங்ஸ்வுட்டின் முன் ஆசனம் பெஞ்சு போல் நீண்டது. ஆகையால் முன்னே மூவரும் பின்னே மூவருமாக ஒரு குடும்பமே அமரலாம். மூட்டை முடிச்சு மிகுந்தவர்களுக்குப் பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வாகன் உண்டு. பண்ணைக்காரர்களுக்கோ, பின்னால் திறந்த தட்டுள்ள ‘யூட்’.

ஆனால் இத்தனைக்கும் முதலாளி, 1931 முதலே, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிதான். வண்டியை ஆஸ்திரேலியத் தொழிலாளர் செய்தனர். தொழிற்சாலை நடக்கலாமா கூடாதா என்பதை டெட்ராயிட் தீர்மானித்தது. 2013-ல் தீர்மானித்தும் விட்டது. 2017 அக்டோபர் 20-ந் தேதி, அடிலெய்டை அடுத்த எலிஸபெத் தொழிற்சாலையிலிருந்து கடைசி ஹோல்டன் வெளிவந்தது. போர்டும் டொயோட்டாவும் அதற்கு முன்பே கதவடைத்துவிட்டபடியால், அந்தத் தேசத்தில் குடும்ப மோட்டார் உற்பத்தியே அன்றோடு நின்றுபோயிற்று.