வீட்டிலேயே இன்குபேட்டர்: முட்டை வைக்கும் முன்னால் என்ன செய்யணும்?

போளூர், செங்கம் பக்கம் நாட்டுக்கோழி அடை வைக்காத தெரு குறைவு. அடைக்கோழி செய்யும் வேலை நாலுதான்: சூடு கொடுக்கும், ஈரம் காக்கும், காற்று விடும், முட்டையைப் புரட்டும். இதை 21 நாள் விடாமல் செய்கிற பெட்டிதான் இன்குபேட்டர்.

பெட்டி
மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி போதும். காற்றுக்கு நாலைந்து ஓட்டை போடுங்க. 40 வாட் குண்டு பல்பு இரண்டை பேரலலா மாட்டுங்க. ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று தாங்கும். எல்இடி பல்பு வேண்டாம், சூடு பத்தாது. பல்பு தெர்மாகோலைத் தொடக்கூடாது, 230 வோல்ட் ஒயர் தண்ணித் தட்டு பக்கம் போகக்கூடாது. சூடு பரவ பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று.

கண்ட்ரோல்
டபிள்யூ1209 போர்டை ஹீட்டிங் மோடில் வைத்து 37.5 டிகிரி செட் பண்ணுங்க. அதில் ஹிஸ்டெரிசிஸ் 2 டிகிரி என்று வரும், 0.3க்கு குறைக்கணும். சென்சார் முட்டை உயரத்தில், பல்புக்கு நேரே இல்லாமல் இருக்கட்டும்.

சென்சாரை நம்பாதீங்க
காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் வெதுவெதுப்பான தண்ணியில் சேர்த்து வைத்து ஒப்பிடுங்க. ஈரப்பத மீட்டருக்கு உப்பு டெஸ்ட்: ஈரமான உப்போடு ஜிப் கவரில் மூடி 8 மணி நேரம் வைத்தால் 75 சதவீதம் காட்டணும். வித்தியாசத்தைக் குறித்து வைத்து கழிச்சுக்கோங்க. 40 டிகிரி சில மணி நேரம் நீடித்தாலே கரு செத்துப் போகலாம். சர்க்யூட்டுக்கு ரீசெட் உண்டு, கருவுக்கு இல்லை.

ஈரம்
முதல் 18 நாள் 50-55 சதவீதம், கடைசி 3 நாள் 65-70. ஈரம் கூட்ட தட்டின் ஆழத்தை இல்லை, பரப்பை கூட்டணும்.

நம்ம ஊர் வெயில்
இந்த சர்க்யூட்டுக்கு சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மே மாசம் மொட்டைமாடி ரூமில் வெளிச்சூடே 38 டிகிரியைத் தாண்டினால் பல்பு அணைந்தும் பெட்டி சுடும். அதனால் கீழ்த்தளத்தில் வெயில் படாத ரூம்தான் சரி. தீபம் சமயத்தில் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வெளியே ஈரமும் இருப்பதால் சின்ன தட்டே போதும். கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல், ஓட்டை அடைபடாமல் போர்வை சுற்றுங்க. ஓரிரண்டு மணி நேரம் சமாளிக்கும்.

24 மணி நேர டெஸ்ட்
முட்டை இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட விட்டு, மணிக்கொரு தடவை ரீடிங் எழுதுங்க. ஏற்ற இறக்கம் அரை டிகிரிக்குள் நின்ற பிறகுதான் முட்டை. சேவலோடு இருந்த கோழியின் முட்டை, இட்டு 7 நாளுக்குள், கழுவாமல் வைக்கணும். தினம் 3 அல்லது 5 தடவை புரட்டுங்க. ஏழாம் நாள் இருட்டில் மொபைல் டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு தெரியும், தெரியாவிட்டால் கூமுட்டை. 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்திட்டு, குஞ்சு பொரித்து இறகு காயும்வரை மூடியைத் தொடாதீங்க.