'பா' படத்து ஆரோவுக்கு என்னதான் ஆச்சு? பதில் செல்லின் 'சுவரில்' இருக்கு

2009இல் வந்த 'பா' ஞாபகம் இருக்கா? பால்கி இயக்கம், இளையராஜா இசை. 12 வயசுப் பையன் ஆரோவாக அமிதாப் பச்சன். ஆரோவுக்கு வந்த புரோஜீரியா நிஜ நோய்தான். சிக்கல் தொடங்குவது செல்லின் உட்கரு உறையில்.

நம் செல் ஒன்றுக்குள் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, புரதங்களில் சுற்றி குரோமாட்டினாக அடங்கியிருக்கிறது. சும்மா அள்ளித் திணித்ததில்லை. உறையின் உள்பக்கம் லேமின் என்ற புரதம் வலைபோலப் படர்ந்திருக்கும். அந்தச் செல்லுக்குத் தேவைப்படாத மரபணுக்கள் பெரும்பாலும் வலையை ஒட்டி இறுகிக் கிடக்கும். வேலை பார்ப்பவை உள்ளே தள்ளி, தளர்வாக. ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு தோல் செல்லும் நரம்பு செல்லும் வேறு வேறு வேலை செய்ய இதுவும் ஒரு காரணம்.

புரோஜீரியாவில் லேமின்-ஏ மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். 2003இல் கண்டுபிடித்தார்கள். அதனால் 50 அமினோ அமிலங்கள் குறைந்த லேமின் உருவாகி உறையிலேயே ஒட்டிக்கொள்கிறது. உறை மடிந்து கோணலாகிறது, ஓரத்தில் இறுகியிருந்த குரோமாட்டினும் குலைகிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் புதிதாக நேர்வது. பெற்றோர் வழி வருவதில்லை. 'யார் குடும்பத்துக் கோளாறு' என்று அம்மா, அப்பாவைக் குடைய வேண்டியதே இல்லை.

நம்ம ஊரிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. ஹைதராபாத் சிசிஎம்பியின் வீணா பர்நாயக் லேமின்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1998இல் பட்நாகர் விருது பெற்றார்.

2020 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்த லோனாஃபார்னிப் மருந்து, கெட்ட லேமின் உறையில் ஒட்டுவதைக் குறைக்கிறது. குணமாக்காது, ஆனால் அந்தக் குழந்தைகளின் ஆயுளைக் கூட்டுகிறது.